விலாசம் சரியில்லை என்றால் தபால் வராது

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் விலாசம் என்றால் தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லை. பெயருக்கு முன்னால் வருகிற எழுத்துகள்தான் விலாசம். பாட்டன், அப்பன் என்று வரிசையாகக் கோத்த நாலைந்து எழுத்தைச் சொன்னால் போதும். எந்த வீடு, யாருக்குப் பேத்தி என்று பள்ளத்தூரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் சொல்லிவிடுவார். பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில் கடைக்கும் அதே எழுத்துகள்தான் பெயர். இதெல்லாம் அப்பத்தா காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன், ஜெர்மனியில் என் வங்கி அட்டை மூன்று வாரமாக வந்து சேராமல் போகிறவரை.

2025 அக்டோபரில், மாணவர் பரிமாற்றத்தில் ஒரு பருவம் படிக்க ட்யூபிங்கன் போனேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். நெக்கார் ஆற்றங்கரையில் சின்ன ஊர், 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். போகிறதற்கு முன் நடந்த அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு அந்த மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு; பரிமாற்றத்தில் போனால் அது கிடையாது. ஆனால் விசாவுக்கு, தங்கப்போகிற மாதங்களுக்கு மாதம் 992 யூரோ வீதம் கையில் இருப்பதைக் காட்டவேண்டும். அதற்கென்று முடக்கப்பட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே போட்டுவிட்டால், நம் பணத்தையே நமக்கு மாதாமாதம் படியளப்பார்கள். இதை விளக்கியபோது அப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நல்ல ஏற்பாடுதான், சின்ன வயசுல எனக்கு இப்படி ஒண்ணு போட்டிருக்கலாம்" என்றார்.

மூட்டை கட்டும்போது ஒரு சின்னப் போராட்டம். அப்பத்தா உப்புக்கண்டம் கட்டி வைத்திருந்தார். இறைச்சியும் பால் பொருளும் இந்தியாவிலிருந்து அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. "பர்மாவுக்கே கொண்டுபோயிருக்காக" என்றார். கடைசியில் மணகோலம், சீப்புச் சீடை என்ற பலகாரங்கள் மட்டும் போயின. அந்தச் சீப்புச் சீடை என்னை ஒரு நாள் காப்பாற்றியது, அது பின்னால்.

சரி, வங்கி அட்டை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நம்மூரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். கல்லூரியில் என் விவரங்களை அனுப்பியவர்கள் கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். வாடகை ஒப்பந்தமும் அதைப் பார்த்தே எழுதியது. வங்கியோ பாஸ்போர்ட்டைப் பார்த்து என் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே அடுக்குமாடி வீடுகளில் வீட்டுக்கு வீடு எண் கிடையாது. தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைத்தான். என் பெட்டியில் வீட்டுக்காரர் ஒட்டியிருந்தது அப்பாவின் பெயர். வங்கிக் கடிதம் என் பெயருக்கு வந்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, மழையில் நனையாமல் இருக்க மேலே டேப் போட்டு, நானே பெட்டியில் ஒட்டினேன். அட்டை வந்துவிட்டது. முன்னால் அப்பா பெயர், பின்னால் என் பெயர்: ஒட்டி முடித்துப் பார்த்தால் அசல் செட்டிநாட்டு விலாசம்.

ஆனால் பல்கலைக்கழகக் கடிதங்களில் கடைசிவரை நான் 'ஃப்ராவ்' அப்பா பெயர்தான். திருமதி என்று சொல்லி யாராவது அப்பாவைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? முதல் வாரம் வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லி இரண்டு தடவை அழைத்தார்கள். நான் யாரையோ என்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை முதலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குடிபோன 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

நான் இருந்தது ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடி. நாலு பேர், ஆளுக்கு ஓர் அறை, சமையலறை பொது. குளிர்சாதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. எண்ணெய், உப்பு, வெண்ணெய் எல்லாம் தனித்தனி. முதல் வாரம் ஒரு நாள் என் தட்டில் முட்டை ஒன்று குறைந்து, ஒரு சின்னச் சீட்டு இருந்தது: 'உன் முட்டை ஒன்றை எடுத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை வைத்துவிடுகிறேன்.' செவ்வாய்க்கிழமை முட்டை இருந்தது. கூடப் படிக்கும் கேரளத்துப் பையன் இதைக் கேட்டு, என்ன மனிதர்களப்பா, ஒரு முட்டைக்குக் கணக்கா என்றான். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது.

அன்று ராத்திரி அப்பத்தாவிடம் இதைக் குறையாகத்தான் சொன்னேன். அவருக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. "நம்ம வளவுல என்ன நடந்துச்சாம்? கல்யாணமாகி வந்ததும் என்னைய வேறு வைக்கல?" என்றார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பெரிய வீடுகளில் வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கும், மகனுக்கு ஒன்று. மகனுக்குக் கல்யாணமானால் அந்தக் குடும்பத்துக்குத் தனி அடுப்பு, தனி அரிசி, தனிக் கணக்கு. ஒரே கூரை, ஒரே வாசல், ஆனால் உலை வேறு. கோவில் வரி கொடுப்பதும் வீட்டுக்கு இவ்வளவு என்று இல்லை, புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு ஜோடிக்கு, இவ்வளவு என்றுதான். அப்பத்தா தன் மாமியாரிடம் ஓர் ஆழாக்குப் பருப்பு வாங்கினால் அளந்து திருப்பிக் கொடுத்தாராம். மனஸ்தாபம் வராமல் அறுபது வருஷம் ஓடியது அதனால்தான் என்பது அவர் கட்சி. ஓட்டலில் 'சேர்த்தா, தனித்தனியா' என்று பரிசாரகர் கேட்பதும் அதற்கப்புறம் எனக்கு உறுத்தவில்லை.

சுத்தம் செய்வதிலும் முறை உண்டு. அந்த ஷ்வாபியப் பகுதியில் 'கேர்வொக' என்று ஒரு வழக்கம். முறை வந்த வாரம் நம் கதவில் ஒரு பலகை தொங்கும். அந்த வாரம் மாடிப்படியையும் வீட்டு முன்னால் நடைபாதையையும் பெருக்கித் துடைப்பது நம் பொறுப்பு. முதல் முறை நான் துடைத்துவிட்டு மேலே போன பத்தாவது நிமிஷம், கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூட்டிப்போய், படியின் மூலையில் விரலை வைத்துத் தேய்த்து, விரலைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்தங்குடித் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த பிறகு அப்பத்தா செய்கிற அதே வேலை, அதே விரல்.

அடுத்த முறை மூலை முடுக்கெல்லாம் துடைத்துவிட்டு, கொஞ்சம் திமிராகவே, வாசலில் அரிசி மாவில் ஒன்பது புள்ளிக் கோலம் ஒன்று போட்டேன். அந்த அம்மா வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மழையில் போய்விடும்தானே?"

மற்றவை எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே அரிசி வாங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும், ஆகவே எறியாதீர்கள். ட்யூபிங்கனில் 2022 முதல் காகிதக் கோப்பையில் காப்பி வாங்கினால் கோப்பைக்கு 50 சென்ட் வரி. நான் எவர்சில்வர் டம்ளரோடு போவேன். வகுப்பு முடிந்ததும் கைதட்ட மாட்டார்கள், மேஜையை விரல் முட்டியால் தட்டுவார்கள். பிறந்த நாளுக்கு முந்தைய நாளே வாழ்த்தினால் அபசகுனம். மதிப்பெண்ணில் 1 தான் முதல், 5 என்றால் தோல்வி, 1.7 வாங்கினேன் என்று ஆசையாகச் சொன்னதும் அம்மா, "பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்று நான் பேசத் தாமதமாகிவிட்டதென்று வீட்டில் ஒரே கலவரம்.

பழகவே பழகாதது ஒன்று உண்டு. அங்கே எதையும் ஒரு தடவைதான் கேட்பார்கள்.

கூடத் தங்கியிருந்த பெண் நவம்பரில் ஒரு ஞாயிறு தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனாள். ட்யூபிங்கனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமம். நான் இறைச்சி சாப்பிடுவேனா என்று முன்னாலேயே கேட்டு வைத்திருந்தாள். மாவில் செய்த ஸ்பெட்ஸ்ல, மேலே உருகிய சீஸ், வறுத்த வெங்காயம். அருமையாக இருந்தது. தட்டு காலியானதும் அவள் அம்மா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றார். பசி பாதிதான் அடங்கியிருந்தது. ஆனால் முதல் தடவையே சரி என்று சொல்வது எப்படி? "போதும், வேண்டாம்" என்றேன். அவர் சிரித்தார், பாத்திரத்தை மூடினார், எடுத்துக்கொண்டு போனார்.

மூடிய பாத்திரத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் ஊர்ப் பந்தியில் இலைக்கு மேல் இரண்டு கையையும் வைத்து மறைத்து, உடம்பையே குனிந்து காட்டினால்தான் போதும் என்பதற்குப் பாதி அர்த்தமாவது வரும். விரல் இடுக்கு வழியாகவே பாயசம் விட்டுவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நம் வேண்டாமுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அங்கே முழு மதிப்பு. நான் சொன்னதை அப்படியே நம்பினார்கள், அதுதான் அவர்கள் மரியாதை. வீட்டுக்குத் திரும்பி அறையில் உட்கார்ந்து சீப்புச் சீடை டப்பாவைப் பாதியாக்கினேன்.

அதற்கப்புறம் கண்ணாடி முன் நின்று பழகினேன் என்றே சொல்லலாம். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா? வையுங்கள். காப்பி குடிக்கிறாயா? குடிக்கிறேன். முதல் சில தடவை, பிச்சை கேட்கிற மாதிரி நாக்குக் கூசியது. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற நாட்களில் யாராவது டீ வேண்டுமா என்று கேட்டால், கேட்டு முடிக்கிறதற்குள் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் திரும்பினேன். ஊருக்கு வந்த மூன்றாம் நாள், மகள் கல்யாணத்துக்குச் சொல்ல ஓர் ஆச்சி வந்திருந்தார். பட்டாலையில் உட்கார வைத்துவிட்டு நான் காப்பி கொண்டுபோனேன். "எதுக்காத்தா, இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன், வேணாம்" என்றார். சரி என்று டம்ளரையும் வட்டாவையும் திருப்பி எடுத்துக்கொண்டு வளவைப் பாதி தாண்டிவிட்டேன்.

உள்ளேயிருந்து அப்பத்தாவின் குரல்: "எங்கேடி எடுத்துக்கிட்டுப் போறே? அவுக இன்னும் ரெண்டு தடவை வேணாம்னு சொல்லணும்ல!"