பதினோராவது சங்கடப்படலையும் எழுத மறுத்த பேனையும்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சியிருக்கும் சங்கடப்படலைகளைக் கோட்டோவியங்களாக வரைந்து வைப்பது இரண்டு ஆண்டுகளாக என் ஓய்வுநேர வேலையாக இருந்து வருகிறது. தெருப்படலைக்கு மேல் சிறு கூரை வேய்ந்து, வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்கும் வீட்டுக்காரர் செய்து வைத்த அந்த ஏற்பாட்டை, அளவு நாடாவால் அளந்து, படம் பிடித்து, பிறகு பத்து அங்குல அன்ட்ரொய்ட் ரப்லெற் ஒன்றில் கோடு கோடாக வரைகிறேன். பதினோராவது படத்தில் பீலி ஓடுகளை வரிசை வரிசையாக வரைந்து முடித்து, நிழல் இடுவதற்காகப் புதிய லேயர் ஒன்றை, அதாவது வரைந்ததன் மேல் விரிக்கும் வெறுந்தாள் போன்ற அடுக்கொன்றைத் திறந்த சனிக்கிழமை மாலையில், பேனை எழுதுவதை நிறுத்திவிட்டது. விரலால் தொட்டால் திரை வழக்கம்போல் இயங்கியது. பேனையால் இழுத்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை.

வீட்டில் எல்லோரும் முதலில் கேட்டது, "சார்ச் இறங்கிப் போச்சோ?" என்பதுதான். என் பேனையில் பற்றரி கிடையாது. ரப்லெற் பேனைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எந்த வகை என்று தெரியாமல் பழுது தேடினால் இல்லாத பற்றரியைத் தேடி ஒரு நாள் போய்விடும். நுனியில் இறப்பர் குமிழ் உள்ள மலிவான பேனை, விரலுக்குப் பதிலாக நிற்பது மட்டுமே. அதற்கு உள்ளே எதுவும் இல்லை. 2015 இல் வந்த அப்பிள் பென்சில் போன்றவை தமக்குள்ளே மின்கலம் கொண்டவை; அவற்றை மாதக்கணக்கில் சார்ச் செய்யாமல் அலுமாரியில் போட்டு வைத்தால் அந்த மின்கலம் முற்றாக வற்றி, மறுபடி உயிர் பெறாமலே போகக்கூடும். என்னுடையது மூன்றாவது வகை. வாக்கொம் நிறுவனம் பரவலாக்கிய மின்காந்தப் பரிவு முறையில் அது வேலை செய்கிறது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இந்த முறை உடனே விளங்கும். திரைக்குப் பின்னால் மெல்லிய கம்பிச் சுருள்களாலான ஒரு வலை இருக்கிறது. அது சில நூறு கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் காந்தப்புலம் ஒன்றை எழுப்பி, ஒரு கணம் ஓய்ந்து, காது கொடுத்துக் கேட்கிறது. பேனைக்குள் இருக்கும் ஒரு சிறு சுருளும் ஒரு கொள்ளளவியும் அந்தப் புலத்திலிருந்து சக்தியைப் பெற்றுப் பரிவடைந்து, அதாவது அதே மீடிறனில் தாமும் அதிர்ந்து, ஓய்ந்த அந்தக் கணத்தில் திருப்பிப் பேசுகின்றன. எந்தச் சுருளில் பதில் பலமாகக் கேட்கிறதோ அங்கே பேனை இருக்கிறது என்று ரப்லெற் கணித்துக்கொள்கிறது. நுனியை அழுத்தும்போது அந்தப் பரிவு சற்றே மாறுகிறது. பேனையின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்தும்போது வேறொரு கொள்ளளவி சேர்ந்து இன்னொரு விதமாக மாறுகிறது. இந்தக் கடைசி வரியை அன்றைக்கே ஊன்றி யோசித்திருந்தால் ஐந்து நாள்கள் மிச்சமாகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான சோதனைகளைச் செய்தேன். ரப்லெற்றை நிறுத்தித் தொடக்கினேன். நாமாக நிறுவிய செயலிகளை ஒதுக்கி வைக்கும் சேஃப் மோடில் ஏற்றிப் பார்த்தேன். அமைப்புகளில் பேனை தொடர்பாக மாறியிருக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் மாற்றம் இல்லை. பேனையின் நுனியான நிப் தேய்ந்திருக்கலாம் என்று எண்ணிச் சாவணத்தால் அதைப் பிடுங்கி எடுத்தேன். ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்துதான் இருந்தது, ஆனால் புதியதைச் செருகிய பின்னும் பேனை எழுதவில்லை. திரையில் ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியின் மேல் சிறிது நேரம் சந்தேகம் கொண்டேன். இந்த வகைப் பேனையைத் திரைக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே பிடித்தாலே ரப்லெற் உணர்ந்துவிடும் என்பதால், ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத கண்ணாடி அதைத் தடுக்க வழியில்லை என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஸ்ரான்லி வீதியில் கைபேசி திருத்தும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி பேனையை வாங்கி, இரண்டு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "பேனை செத்துப் போச்சு அக்கா, கொழும்பிலயிருந்துதான் புதுசு எடுப்பிக்கோணும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதில் பிழை இல்லை, பார்த்தவர் எவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனாலும் கீழே விழாத, தண்ணீர் படாத, பற்றரியே இல்லாத ஒரு பொருள் இரண்டு கோடுகளுக்கு இடையில் எப்படிச் சாகும் என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. புதிதுக்குச் சொல்லவில்லை.

இந்த வகைப் பேனைகளில் பலவற்றை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பயன்படுத்தலாம் என்பது பெரிய வசதி. செவ்வாய்க்கிழமை, பேனையுடன் வரும் கைபேசி வைத்திருக்கும் தோழி ஒருவரின் வீட்டுக்குப் போய், விறாந்தையில் இருந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அவருடைய பேனை என் ரப்லெற்றில் எழுதியது. என்னுடைய பேனை அவருடைய கைபேசியிலும் எழுதவில்லை. இதனால் ரப்லெற்றின் சுருள் வலையும் மென்பொருளும் நலமே என்பது உறுதியாயிற்று, குற்றம் பேனையில்தான். கடைக்காரத் தம்பி சொன்னதே சரியென்று தோழி முடிவு கட்டிவிட்டார்.

அங்கே இன்னொன்றும் தெரிய வந்தது. அவருடைய பேனையால் அடிமட்டம் வைத்து மூலைக்கு மூலை மெதுவாக ஒரு சரிவுக்கோடு இழுத்தபோது, திரையின் நடுவில் கோடு நேராக இருந்தது. இடது ஓரத்தை நெருங்கியதும் பாம்பு ஊர்ந்ததுபோல் நெளிந்தது. வேகமாக இழுத்தால் இந்த நெளிவு தெரியாது, மெதுவாக இழுத்தால் மட்டுமே தெரியும். ரப்லெற்றின் உறையை மடக்கிப் பின்னால் வைத்திருந்தேன். மூடினால் திரை தானாக அணைவதற்கென்று அந்த உறையின் மடலில் சிறு காந்தங்கள் வைத்திருக்கிறார்கள். உறையைக் கழற்றியதும் ஓரத்துக் கோடும் நேராகிவிட்டது. காந்தப்புலத்தால் இடம் அறியும் கருவிக்குப் பின்னாலேயே காந்தத்தை வைத்துக்கொண்டு, நாலாவது படலையின் தூண்கள் ஏன் இடப்பக்கம் நடுங்குகின்றன என்று என் கையைப் பல மாதங்களாகக் குறை சொல்லி வந்திருக்கிறேன். அந்தப் படத்தை மறுபடி வரைய வேண்டும். ஆனால் நான் தேடி வந்த பழுது இதுவன்று.

புதன்கிழமை இரவு, அன்ட்ரொய்டிலேயே ஒளிந்திருக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்தினேன். அமைப்புகளில் பில்ட் நம்பர் என்பதை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் பொயின்டர் லொக்கேஷன் என்பதை இயக்கினால், திரையைத் தொடும் எதற்கும் குறுக்குக்கோடுகள் தோன்றி, மேல் விளிம்பில் அதன் இடமும் வேகமும் அழுத்தமும் எண்களாக ஓடும். செத்துப் போனதாகச் சொல்லப்பட்ட பேனையைத் திரைக்கு மேலே பிடித்தேன். குறுக்குக்கோடுகள் தோன்றின. பேனையை அசைத்தேன், கோடுகளும் பிசகாமல் கூடவே அசைந்தன. நுனியை வைத்து மெல்ல அழுத்தியபோது அழுத்தத்தின் எண் 0 இலிருந்து படிப்படியாக ஏறி, கையைத் தளர்த்தியதும் இறங்கியது. சுருள் பேசுகிறது, நிப் அழுத்தத்தை உணர்கிறது, ரப்லெற் கேட்கிறது. கோடு மட்டும் விழவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அது கவலையால் அன்று, பேனை உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால்.

வியாழக்கிழமை கிரிட்டா என்னும் இலவச வரைகலை மென்பொருளை இறக்கி, அதிலும் பார்த்தேன். அங்கே பேனையை வைத்ததும் கோட்டுக்குப் பதிலாக நிறங்களும் தூரிகைகளும் அடுக்கிய வட்டத் தட்டொன்று விரிந்தது. மூடினேன், மறுபடி வைத்தேன், மறுபடி விரிந்தது. அது எதைச் சொல்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் பெறாமகள் அருகில் வந்து, வழக்கமாக வரையும் மென்பொருளில் திறந்து கிடந்த படலைப் படத்தைப் பார்த்தாள்.

"சின்னம்மா, ஏன் இந்த வரிசையில மூண்டு ஓட்டைக் காணேல்லை?"

குனிந்து பார்த்தேன். கூரையின் இடப்பக்கம், மேலிருந்து நாலாவது வரிசையில், ஒரு விரல் அகலத்துக்கு ஓடுகள் இல்லை. நான் விடுபட விட்டவை அல்ல அவை; வெட்டின விளிம்பு, அழிப்பானின் வட்ட நுனி போன வழியைக் காட்டியது. சனிக்கிழமை மாலை, எழுதாத பேனையைக் கோபத்தில் எல்லா லேயர்களிலும் இழுத்துப் பார்த்தபோது, கூரையின் லேயரிலும் இழுத்திருக்கிறேன். அவள் பேனையை வாங்கி ஐந்தாவது வரிசையின் மேல் மெல்லக் கோடு போட்டாள். இரண்டு ஓடுகள் மறைந்தன.

"பேனை எழுதேல்லை எண்டு சொல்லாதேங்கோ. அது அழிக்குது பாருங்கோ."

நான் வரையும் மென்பொருளில் பக்கத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்தால் பேனை அழிப்பானாகிவிடும். கிரிட்டாவில் அதே பொத்தான் அந்த வட்டத் தட்டை விரிக்கும். பொத்தான் அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டது. ஆறு நாள்களாகப் பேனை தன் வேலையைச் சரியாகச் செய்து, வெறும் லேயரில் எதுவுமில்லாததை அழித்துக்கொண்டிருந்தது. தோழியின் கைபேசியிலும் வெற்றுத் தாளைத்தான் திறந்து பார்த்தோம். கடையிலும் அப்படித்தான். ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு பக்கத்தின் மேல் யாராவது ஒரு கோடு இழுத்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

பொத்தானை மேசை விளக்கின் கீழ் கைக்கண்ணாடியால் பார்த்தபோது, அதன் நீண்ட விளிம்பைச் சுற்றிக் கபில நிறத்தில் ஒரு மெல்லிய வரி ஓடியது. பங்குனி, சித்திரை வெயிலில் ஒழுங்கை ஓரத்தில் நின்று வரைபவளின் வியர்வையும், இங்கத்தைய சுண்ணாம்புக்கல் தூசியும் சேர்ந்து களியாகி, உலர்ந்து, பொத்தானைப் பக்கச் சுவரோடு ஒட்டிவிட்டிருந்தன. நகத்தால் அழுத்தினால் மயிரிழை அளவு இறங்கியது. மேலே எழும்பும்போது வரவேண்டிய அந்தச் சிறு 'டிக்' ஓசை வரவில்லை.

வெள்ளிக்கிழமை அதைத் துப்புரவு செய்தேன். ஊசியையோ பிளேட்டையோ உள்ளே விடப் பயமாக இருந்தது. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து நுனியைத் தட்டையாகச் சீவினேன். அது பிளாஸ்ரிக்கைக் கீறாது, மெதுவாக வளைந்தும் கொடுக்கும். பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டில் அந்த நுனியை நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றி, சொட்டாத அளவு ஈரத்தோடு பொத்தானின் விளிம்பு நெடுகச் செலுத்தினேன். பேனையைப் பொத்தான் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொள்வது முக்கியம், அப்போதுதான் கரைந்த அழுக்கு உள்ளே போகாமல் வெளியே இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஈர்க்கைத் துணியில் துடைத்தபோது கபிலக் கோடொன்று விழுந்தது. எட்டாவது தடவைக்குப் பிறகுதான் துணி வெள்ளையாகவே இருந்தது. இடையிடையே பொத்தானை நகத்தால் அழுத்தி விட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவது தடவையிலோ ஏழாவது தடவையிலோ அந்த 'டிக்' கேட்டது. பார்மசி ஸ்பிரிட்டில் தண்ணீரும் கலந்திருக்கும் என்பதால், உடனே எழுதிப் பார்க்கும் ஆசையை அடக்கி, இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே காய விட்டேன். செறிவு கூடிய ஐசோபுரொப்பைல் அற்ககோல் கிடைத்தால் அதுவே மேல், விரைவாக உலரும்.

சனிக்கிழமை காலை பேனை எழுதியது. மத்தியானத்துக்கு முன்னரே மறுபடி ஒருமுறை அழிக்கத் தொடங்கியது. இரண்டாவது தடவை துப்புரவு செய்தபோது, பொத்தானின் பின்முனையில் நான் தொடாமல் விட்ட மூலையிலிருந்து இன்னும் கொஞ்சம் களி வந்தது. அதன் பிறகு மூன்று வாரங்களாகச் சிக்கவில்லை. இருந்தாலும் மென்பொருளின் அமைப்பில் பேனைப் பொத்தானுக்குரிய பணியை எடுத்துவிட்டேன். அழிப்பதற்கு இப்போது திரையிலுள்ள சின்னத்தைத்தான் தொடுகிறேன். பொத்தான் இனிச் சிக்கினாலும் ஓடுகளுக்கு ஆபத்து இல்லை. வெளியே வரையும் நாள்களில் பெருவிரலைப் பொத்தானுக்குக் கீழே வைத்துப் பிடிக்கப் பழகி வருகிறேன். நெடுங்காலம் எழுதிய பிடியை மாற்றுவது எளிதாக இல்லை, ஓட்டு வரிசைகளில் கை இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது.

நாலாவது வரிசையின் மூன்று ஓடுகளையும் ஐந்தாவது வரிசையின் இரண்டு ஓடுகளையும் முன்பு பிடித்து வைத்த ஒளிப்படத்தைப் பார்த்துத் திரும்ப வரைந்தாயிற்று. உறையைக் கழற்றிய ரப்லெற்றை ஒரு மரப்பலகையின் மேல் வைத்து, நாலாவது படலையின் இடத்தூணை நேற்று முதல் மறுபடி வரையத் தொடங்கியிருக்கிறேன்.