டூமாவின் மரத்துண்டு

இன்று காலை தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதற்காக பிளீச்சிங் பவுடரைக் கரைத்தபோது, வாளியிலிருந்து எழுந்த குளோரின் நெடி தொண்டையைக் கமறச் செய்து, சிறிது நேரம் கண்ணைத் திறக்கவே விடவில்லை.

சிரியாவின் டூமா நகரம் நினைவுக்கு வந்தது.

2018 ஏப்ரல் 7 மாலை, குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் அடைந்து கிடந்த ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் மஞ்சள் நிற வாயு உருளை ஒன்று விழுந்து உடைந்தது. காற்றைவிடக் கனமான குளோரின், மாடி மாடியாகக் கீழே இறங்கியது. 43 பேர் இறந்தார்கள்.

ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் ஆய்வாளர்கள் அந்த இடங்களுக்குள் நுழைவதற்கு இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன. வாயு அதற்குள் காற்றோடு போய்விட்டது.

ஆனால் மரத்தில் அதன் தடம் எஞ்சியிருந்தது. பைன் போன்ற மரங்களின் பிசின் குளோரின் வாயுவோடு வினைபுரிந்தால் போர்னைல் குளோரைடு என்ற சேர்மம் உண்டாகும். அங்கே எடுத்த மரத்துண்டில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

உருளையை வீசியது சிரிய விமானப் படையின் ஹெலிகாப்டர் என்று நம்புவதற்கு நியாயமான ஆதாரம் இருப்பதாக அந்த அமைப்பு அறிவித்தது 2023 ஜனவரியில்தான். சிரிய அரசும் ரஷ்யாவும் மறுத்தே வந்தன. தண்டிக்கும் அதிகாரம் அந்த அமைப்புக்கு இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆனாலும் அந்த 43 பேரும் அந்த அமைப்பின் கோப்பில் வெறும் எண்ணிக்கையாக இல்லை. ஒவ்வொருவரும் பெயரோடு இருக்கிறார்கள்.