பி.எட். 'உள்ளடக்கிய பள்ளி' தாளை எப்படிப் படிக்கலாம்?

பி.எட். இரண்டாம் ஆண்டில் 'உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்' என்றொரு தாள் வரும்; எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல் எல்லோரையும் ஒரே வகுப்பில் கற்கவைக்கும் பள்ளியைப் பற்றியது. மற்ற தாள்களை முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் நோட்ஸ் பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிவைப்பவர்கள்தான் அதிகம். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் முன்பே படித்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. படிக்காமல் போனால், கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் சிரமம் 'கவனமில்லாத பிள்ளை' என்று நம் பதிவேட்டில் ஏறிவிடும்.

சட்டங்கள், ஆண்டுகள் கொஞ்சம் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். எல்லாப் பிள்ளைகளையும் சாதாரணப் பள்ளியிலேயே சேர்க்கச் சொன்ன 1994 சாலமன்கா அறிக்கை, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006 ஐ.நா. உடன்படிக்கையில் கல்வி பற்றிய 24ஆம் பிரிவு, 2009 கல்வி உரிமைச் சட்டம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இந்த நான்கும் கைவசம் இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு முன்னுரை எழுதிவிடலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகள் 2016இல் 21 ஆயின. இந்த 21ஐயும் வரிசையாக உருப்போடுவது வீண் உழைப்பு. பிள்ளைக்கு வகுப்பில் எது தடையாகிறது என்று பிரித்துக்கொண்டேன்: பார்ப்பது, கேட்பது, நடமாடுவது, படிப்பதும் எழுதுவதும், மற்றவர்களோடு பழகுவது, தவறாமல் பள்ளிக்கு வருவது. கடைசி வகையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தாலசீமியா என்ற ரத்தக் குறைபாடு உள்ள பிள்ளை சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகும். அந்த நாட்களின் பாடத்தை எப்படி ஈடுசெய்வது என்று யோசித்தாலே விடைக்கு ஒரு பத்தி கிடைத்துவிடும்.

சிறப்புக் கல்வி, ஒருங்கிணைந்த கல்வி, உள்ளடக்கிய கல்வி மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்விக்கு அட்டவணை போடுவதைவிட ஒரே பிள்ளையை வைத்து எழுதுவது நல்லது. பார்வையற்ற ஒரு சிறுமி. அவளுக்கென்று தனிப் பள்ளி இருந்தால் அது சிறப்புக் கல்வி. சாதாரணப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, அங்கே நடப்பதற்கு ஏற்ப அவளே சமாளிக்க வேண்டும் என்றால் ஒருங்கிணைந்த கல்வி. கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லி, வரைபடத்தைத் தொட்டுப் பார்க்கும்படி நூல் ஒட்டி, தேர்வில் அவள் சொல்வதை எழுத ஒருவரை ஏற்பாடு செய்து பள்ளியே தன்னை மாற்றிக்கொண்டால் உள்ளடக்கிய கல்வி. திருத்துபவருக்கு நாம் புரிந்துகொண்டது தெளிவாகத் தெரியும்.

கற்பித்தல் பயிற்சியை நான் திருப்பூரில் ஓர் அரசுப் பள்ளியில் செய்தேன். பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். எங்கள் தாளில் பன்முகத்தன்மை என்றாலே குறைபாட்டைத்தான் நினைத்துக்கொள்வோம். வீட்டு மொழி, சாதி, பாலினம், வறுமை எல்லாமே அதில் அடங்கும் என்று அங்கேதான் உறைத்தது. ஒரு சிறுமி கணக்கை மளமளவென்று போடுவாள். அதே கணக்கைத் தமிழில் வாக்கியமாகக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள். கேள்வியைப் படமாக வரைந்து கொடுத்தோம். பக்கத்தில் இருந்த தோழியை வாய்மொழியாக விளக்கச் சொன்னோம். அவளுக்கு மட்டுமல்ல, தமிழ் பேசும் பிள்ளைகள் சிலருக்கும் அந்தப் படம் தேவைப்பட்டது. எல்லோருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று புத்தகத்தில் வருவது இதுதான்: பாடத்தைப் பல வழிகளில் காட்டுவது, விடையைப் பல வழிகளில் ஏற்பது, ஆர்வத்தைப் பல வழிகளில் தூண்டுவது. இந்த மூன்றையும் உங்கள் பாடக்குறிப்பிலேயே ஒரு வரியாவது எழுதிப் பழகுங்கள்.

அப்புறம், ஒரே பிள்ளையைக் கவனித்து எழுதும் தனியாள் ஆய்வு (கேஸ் ஸ்டடி). சீனியர் பதிவேட்டைப் பார்த்து எழுதிவிடலாம் என்ற ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். வட்டார வள மையத்திலிருந்து (பி.ஆர்.சி.) மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் நாளைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று அவர் கூடவே இருங்கள். பிள்ளையோடு எப்படிப் பேசுகிறார், அம்மாவிடம் என்ன கேட்கிறார் என்று பார்த்தாலே போதும். ஆய்வில் பிள்ளையின் உண்மைப் பெயரை எழுத வேண்டாம். அதைவிட முக்கியம், பிள்ளையால் எது முடிகிறது என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு எது முடியவில்லை என்று எழுதுங்கள். பலரும் குறைகளை மட்டுமே பட்டியலிட்டு முடித்துவிடுகிறார்கள். அதைப் படித்தால் அடுத்து அந்தப் பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று யாருக்கும் தெரியாது.

சாதியைப் பற்றி எழுதத் தயங்காதீர்கள். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அரசிடம் அளிக்கப்பட்ட அந்த அறிக்கை, கைகளில் சாதிக் கயிறு கட்டத் தடை, அகர வரிசைப்படி இருக்கை, பி.எட். பாடத்திட்டத்தில் மாற்றம் என்று பலவற்றைப் பரிந்துரைத்தது. ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும். நீங்கள் வகுப்பில் குழு பிரிக்கும்போது யார் யாரோடு உட்கார மறுக்கிறார்கள் என்று கவனியுங்கள். பிள்ளைகளையே குழு அமைத்துக்கொள்ளச் சொல்லாமல் நீங்களே பிரித்துவிடுங்கள், வாரந்தோறும் மாற்றுங்கள்.

சிடெட் (மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதப் போகிறவர்களுக்கும் இந்த உழைப்பு உதவும். குழந்தை மேம்பாட்டுப் பகுதியின் 30 கேள்விகளில் 5 உள்ளடக்கிய கல்வியிலிருந்து வருபவை. தெரிவுகளில் பிள்ளையைத் தனியாகப் பிரிப்பது, வேறு பள்ளிக்கு அனுப்புவது, பாடத்தையே குறைத்துவிடுவது போன்றவற்றை முதலில் அடித்துவிடுங்கள். பிள்ளையை வகுப்பிலேயே வைத்துக்கொண்டு கற்பிக்கும் முறையை மாற்றும் தெரிவுதான் பெரும்பாலும் விடையாக இருக்கும். பழைய வினாத்தாள்களில் இந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும்.