அடிக்காத கணவர்மீது மனு எழுதுவது

வேலூர் சத்துவாச்சாரியில் நீதிமன்ற வளாகத்துக்கு அருகே தட்டச்சுக் கடை நடத்துவதால் குடும்ப வழக்கு மனுக்கள் பல என் கைவழியாகப் போகின்றன. பெண்கள் வாயால் சொல்வதற்கும் கடைசியில் தாளில் ஏறுவதற்கும் உள்ள இடைவெளி என்னை நெடுநாளாக உறுத்துகிறது. "அவர் என்னை அடிச்சதே இல்லைங்க" என்று பேச்சைத் தொடங்கியவரின் மனுவில், யார் யோசனையாலோ, இரண்டாம் பக்கத்தில் ஓர் அறை வந்து உட்கார்ந்துவிடுகிறது. அடி இல்லாத மனு நிற்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஓர் அறை பொய் என்றாகிவிட்டால், உண்மையாக நடந்த மற்ற அனைத்தும் அதனுடன் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னவற்றைச் சில விவரங்களை மாற்றித் தருகிறேன். சம்பளம் ஏறும் கணக்கின் ஏடிஎம் கார்டு கணவரிடம் இருக்கிறது; டீச் செலவுக்குக்கூட அவர் எண்ணித்தான் கொடுப்பார். ஷிப்டு முடிந்ததும் வீடியோ அழைப்பில் உடன் வருபவர்களைக் காட்ட வேண்டும். நேற்றுத் தான் சொன்னதையே இன்று மறுத்து, "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று பிள்ளைகள் முன்னிலையில் சிரிப்பார். பெண்ணின் தாய் வீட்டாருக்கோ அவர் தங்கமான மாப்பிள்ளை. "சிரிச்சாருன்னு எழுதினா ஜட்ஜு ஒத்துக்குவாரா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார்.

எழுதலாம். 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அவமதிப்பு, ஏளனம், குழந்தையில்லை அல்லது ஆண் குழந்தையில்லை என்று குத்திக்காட்டுதல் ஆகியவற்றைச் சொல்வழி, மனவழி வன்முறை என்றே வரையறுக்கிறது. பணத்தைப் பறித்து வைத்திருப்பதைப் பொருளாதார வன்முறை என்கிறது. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்க 22ஆம் பிரிவு இருக்கிறது. இவ்வளவு இருந்தும், காவல் நிலையத்தில் "காயம் எங்கே?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

இப்போது கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "அவர் ஒரு நார்சிஸிஸ்ட், அதையும் போடுங்க" என்பவர்களும் வருகிறார்கள். தற்காதல் மிகுந்தவர் என்று பொருள்படும் அந்தச் சொல்லை விட்டுவிடும்படி சொல்வேன். ஆளுமைக் கோளாறு உண்டா இல்லையா என்பதை மனநல மருத்துவர்தான் நேரில் பார்த்துச் சொல்ல முடியும். மேலும், நோய் என்று நாமே எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்பு அதையே சாக்காக எடுத்துக்கொள்ளும். சட்டத்துக்கு வேண்டியது அவர் என்ன செய்தார் என்பதே.

இங்கிலாந்து 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவில், துணையைத் திரும்பத் திரும்பக் கட்டுப்படுத்தி அடக்கி வைப்பதையே ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. ஒரு நாள் சம்பவத்தைப் பார்க்காமல் தொடர் நடத்தையைப் பார்க்கும் அந்த அணுகுமுறை நமக்கும் வேண்டும். நம் குற்றவியல் சட்டமோ (பாரதிய நியாய சன்ஹிதா 85, 86), வரதட்சணைத் துன்புறுத்தலை விட்டுப் பார்த்தால், தற்கொலைக்குத் தள்ளக்கூடிய அல்லது உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான கேடு விளைவிக்கக்கூடிய கொடுமை வரும்வரை காத்திருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், நியாய சன்ஹிதாவின் இந்தப் பிரிவுகள் ஆகிய இரண்டிலும் இதே துன்பத்தை அனுபவிக்கும் ஆண்களுக்கு இடமில்லை. மனக்கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்பதே அவர்களுக்குள்ள வழி. இது சரியில்லை என்றே எண்ணுகிறேன்.

ஆனாலும் எடுத்த எடுப்பில் சிறை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணவர் உள்ளே போய்விடுவார் என்ற அச்சத்திலேயே எழுதிய மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. முதலில், துன்புறுத்தக் கூடாது என்று நீதிமன்றம் இடும் பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மீறியதை நிறுவப் பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் மட்டுமே போதும் என்று 32ஆம் பிரிவு இடம் தருகிறது. முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு காப்பாற்றப்பட்டு, அடி இல்லாத மனுவும் நிற்கும் என்று தெரிந்தாலே, இல்லாத அறையை எழுதச் சொல்லி யாரும் என் கடைக்கு வர மாட்டார்கள்.