50, 75, 100: நானே ஏற்றிக்கொண்ட தைராய்டு மாத்திரை

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் கோலத்துக்குப் பெரிய போட்டியே நடக்கும். புள்ளியெல்லாம் சரியாக வைத்துவிட்டேன். வளைவை இழுக்கும்போதுதான் மாவு கம்பியாக இறங்காமல் விட்டு விட்டு விழுந்தது. பனிக்குளிர் என்று நினைத்தேன். எதிர்வீட்டு அக்கா, "என்னடி, இந்த வயசுலயே கை ஆடுது?" என்றார். உள்ளே வந்து டம்ளரைப் பிடித்துப் பார்த்தேன். ஆடியது.

எனக்கு ஏழு வருஷமாகத் தைராய்டு குறைவு. தினம் ஒரு 50 மாத்திரை. எல்லோரும் 'அம்பது எம்ஜி' என்போம், உண்மையில் அது மைக்ரோகிராம், மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனாலேயே 25 கூட்டுவது ஒன்றுமில்லை என்று தோன்றிவிடுகிறது. 50இலிருந்து 100க்குப் போனால் மருந்து இரண்டு மடங்கு என்பது கடுகளவு மாத்திரையைப் பார்த்தால் உறைக்காது.

புரட்டாசியில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. டெஸ்ட் எடுத்தேன், டி.எஸ்.எச். 7.1. உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இந்த எண் ஏறும், கூடினால் இறங்கும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊர் மாறிப் போயிருந்தார். சித்தி மகள், "நான் 100 போடறேன், சும்மா ஜம்முனு இருக்கேன்" என்றாள். மருந்துக்கடையில் சீட்டு கேட்கவில்லை, 75 கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அசதி போகவில்லை என்று 100க்குத் தாவினேன். இந்த மருந்து மாற்றினால் உடம்பு ஒரு நிலைக்கு வர ஆறு வாரமாவது வேண்டும் என்பது அப்போது தெரியாது. 75 என்ன செய்தது என்று பார்ப்பதற்கு முன்பே அடுத்த படி ஏறிவிட்டேன்.

52 கிலோ இருந்தவள் 48 ஆனேன். அதில் எனக்கு ரகசியச் சந்தோஷம் வேறு! நாளைக்கு நாலு தடவை வெளிக்குப் போனது, தூக்கம் போனது, பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தது எதையும் மாத்திரையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கோலம் ஆடிய அன்று ராத்திரி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள் 'திக் திக்' என்று கேட்டது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைத் தேடி விரலில் மாட்டினேன். நாடித்துடிப்பு 118. படுத்திருக்கும்போது!

காலையில் வீட்டுக்காரரோடு பாண்டி பஸ் ஏறினேன். அரியாங்குப்பம் நெரிசல் தாண்டி ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ஈ.சி.ஜி.யில் வேகம் மட்டும்தான், தாளம் தப்பவில்லை. டி.எஸ்.எச். 0.03, மருந்து அளவுக்கு மீறிவிட்டது. இப்படியே விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பு தேயும் என்றார் அந்த அம்மா. திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"புரட்டாசியில காலையில என்னென்ன சாப்பிட்டீங்க? வரிசையா சொல்லுங்கம்மா."

எழுந்ததும் தைராய்டு மாத்திரை. கூடவே, மறந்துபோகாமல் இருக்க, மாதவிலக்கு அதிகப்போக்குக்காகக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. அஞ்சு நிமிஷத்தில் காபி.

"அந்த இரும்பு மாத்திரை இப்ப?"

"ஐப்பசியில தீர்ந்துடுச்சு. வாங்கலைம்மா."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரும்பும் காபியும் சேர்ந்து 50ஐ முழுசாக உடம்பில் சேரவிடவில்லை, அதனால்தான் 7.1. இரும்பு நின்றது, மார்கழியில் நாலரைக்கு எழுந்து மாத்திரை போட்டுக் கோலம் முடித்துக் காபி குடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மருந்து முழுக்க ஏறத் தொடங்கிய நேரம் பார்த்து நான் அளவை இரட்டிப்பாக்கியிருக்கிறேன். அசதிக்குக் காரணமும் பிறகு தெரிந்தது: ரத்தசோகை, ஹீமோகுளோபின் 9.4. வேண்டிய மருந்தை நிறுத்திவிட்டு வேண்டாததை ஏற்றியிருந்தேன்.

நாலு நாள் மாத்திரையே வேண்டாம், பிறகு பழைய 50 என்று எழுதிக் கொடுத்தார். அது என் ரிப்போர்ட்டைப் பார்த்து எனக்குச் சொன்னது. இன்னொருவருக்கு அப்படியே பொருந்தாது. இரும்பு மாத்திரை ராத்திரிக்கு மாறியது, இரண்டுக்கும் நடுவே குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி. படபடப்பு அடங்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம்தான் கொடுமை. மாத்திரையைக் குறைத்தாலும் உள்ளே இருப்பது மெதுவாகத்தான் வடிகிறது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போய் வந்த வாரம் எடுத்த டெஸ்டில் டி.எஸ்.எச். சரியான அளவுக்கு, 2.6க்கு வந்தது, அதே 50இல்.

பீரோவில் 75 டப்பா முக்கால்வாசியும் 100 டப்பா பாதியும் கிடந்தன. சித்தி மகள் வந்தபோது, "வீணாத்தானே போகுது, அந்த நூறைக் குடேன்" என்றாள். கொடுக்கவில்லை. கடைசியாக எப்போது டெஸ்ட் எடுத்தாய் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை.