தெருவைவிடத் தாழ்ந்த பூங்கா

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தெருமுனையில் இருக்கும் 20 சென்ட் பூங்காவின் தரைமட்டத்தை அளந்தோம். கொத்தனார்கள் மட்டம் பிடிக்கப் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் ஒன்றே போதுமானதாக இருந்தது. அதன் ஒரு முனையை நான் தெருவிளக்குக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பக்கத்து வீட்டுக் கொத்தனார் பூங்காவின் நடுவில் நிற்கும் புங்கமரத்தில் பிடித்தார். டியூபுக்குள் நீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைவரை அளந்தோம். தெருவைக் காட்டிலும் பூங்கா 1 அடி 9 அங்குலம் உயரமாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த சீரமைப்பின்போது லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் பேவர் பிளாக் பதித்து, சுற்றிலும் கான்கிரீட் கட்டை கட்டினார்கள். பார்ப்பதற்குத் துப்புரவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பெருமழையிலும் பூங்காவில் விழுந்த நீர் தெருவுக்கு இறங்கி, தெருவிலிருந்து தாழ்ந்த வாசல்களுக்குள் நுழைந்தது. நாங்கள் அளந்துகொண்டிருந்ததைப் பார்த்து நின்ற பெரியவர் ஒருவர், பாசனச் சானலில் மடைகளைத் திறந்து மூடும் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், "மக்களே, மடைய மேட்டுல கொண்டு வச்சா வெள்ளம் எங்க போவும்?" என்று கேட்டார். நான் இந்தப் பதிவில் சொல்ல வருவதும் அதுதான். பருவநிலை மாற்றத்தைத் தாங்கும்படி சிறு பூங்காக்களைத் திருத்தியமைக்க வேண்டுமென்றால், முதலில் கவனிக்க வேண்டியது செடிகளையோ விளையாட்டுக் கருவிகளையோ அல்ல, தரையின் மட்டத்தை.

குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி மழை எனும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை எனும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இரண்டு பருவத்திலும் மழை பெறும் ஊரில், கோடையில் கிணறு வற்றக் கூடாது. ஆனாலும் மாசி, பங்குனியில் எங்கள் தெருக் கிணறுகளில் வாளி தரையைத் தட்டுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல், 2021 நவம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் நடுவில் தென்மாவட்டங்களைச் சேர்த்து அடித்த மழை என்று, ஏறத்தாழ ஆறே ஆண்டுகளில் மூன்று முறை நாங்கள் நீரில் தவித்திருக்கிறோம். மிகுதியும் பற்றாக்குறையும் ஒரே தெருவில் நடக்கும்போது, இரண்டுக்கும் இடையில் நீரைப் பிடித்து வைக்கும் இடம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் தேட வேண்டியிருக்கிறது. வீடுகள் நெருங்கிவிட்ட பகுதியில் மிச்சமிருக்கும் திறந்தவெளி பூங்கா ஒன்றே.

கணக்கு எளிமையானது. 20 சென்ட் என்பது ஏறத்தாழ 810 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். ஆகவே 100 மில்லிமீட்டர் பெய்யும் நாளில் இந்தப் பூங்காவின்மேல் மட்டும் 81,000 லிட்டர் விழுகிறது. பூங்காவில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 270 சதுர மீட்டரைச் சுற்றியுள்ள தரையைவிட 30 சென்டிமீட்டர் தாழ்த்தினால், கொள்ளளவும் அதே 81,000 லிட்டர்தான். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏழு லாரிக்குச் சற்றுக் குறைவு. கரைச் சரிவுக்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், முழங்கால் அளவுகூட இல்லாத ஒரு பள்ளம் இவ்வளவைத் தாங்கும் என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

உலகின் மற்ற நகரங்களும் இதே வழிக்குத்தான் வந்திருக்கின்றன. 2011 ஜூலை 2 அன்று கோபன்ஹேகனில் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகு, அந்நகரம் தன் பூங்காக்களையும் சதுக்கங்களையும் மழைநீரைத் தாங்கும் இடங்களாக மாற்றத் தொடங்கியது. ரோட்டர்டாமில் 2013-இல் திறக்கப்பட்ட பெந்தம்பிளைன் சதுக்கத்தில் பந்து விளையாடும் திடலே பள்ளமாக அமைந்திருக்கிறது. மழை நாளில் அந்தச் சதுக்கம் ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் நீரைத் தாங்கும். பாங்காக்கில் 2017-இல் அமைந்த சூலலாங்கோர்ன் நூற்றாண்டுப் பூங்காவின் 11 ஏக்கர் நிலமும் ஒரு பக்கமாகச் சரிந்து குளத்தில் முடிகிறது. நமக்கு இது புதிய யோசனை அல்ல. சுசீந்திரம் தெப்பக்குளத்தின் கரையில் நின்று பார்க்கிற எவருக்கும், நீர் போய்ச் சேர வேண்டிய இடம் கீழே இருக்கிறது என்பது படிக்கட்டைப் பார்த்தாலே விளங்கும்.

பள்ளம் என்றதும் தெருவில் எழுந்த முதல் கேள்வி கொசு. அது நியாயமான கேள்வி. டெங்குக் காய்ச்சலில் பிள்ளையை மருத்துவமனையில் வைத்திருந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறப்பதற்குப் பொதுவாக ஒரு வாரமாவது ஆகும். அதனால் பள்ளத்தில் தேங்கும் நீர் இரண்டு நாட்களுக்குள் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்காத மண்ணாக இருந்தால் பள்ளமே வேண்டாம். இதைச் சோதிப்பதற்காக ஓர் அடி ஆழக் குழிகள் இரண்டு தோண்டி நீர் ஊற்றினோம். முதல் தடவை ஊற்றியதைக் கணக்கில் சேர்க்காமல், மண் நனைந்த பிறகு ஊற்றியதை மட்டும் கவனித்தோம். புங்கமரத்தடியில் சருகு மக்கிய மண்ணில் ஒன்றரை மணி நேரத்தில் குழி வற்றியது. பேவர் பிளாக்கைப் பெயர்த்த இடத்திலோ, ரோலர் அழுத்திக் கெட்டிப்பட்ட மண்ணில் பொழுது சாயும்வரை நீர் அசையாமல் கிடந்தது. ஒரே பூங்கா, பத்தடித் தொலைவு. கல்லைப் பெயர்த்தால் மட்டும் போதாது, அடிமண்ணைக் கொத்தி மக்கு உரம் கலக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாவது சிக்கல் இதைவிடக் கடினமானது. பல வீடுகளின் சமையலறைக் கழிவுநீர் தெரு ஓடையில்தான் கலக்கிறது. அந்த ஓடையைப் பூங்காவுக்குத் திருப்பினால் கிணறுகள் கெட்டுவிடும். ஆகவே தெருவின் மேற்பரப்பில் ஓடும் மழைநீரும் மொட்டைமாடி நீரும் மட்டுமே உள்ளே வர வேண்டும். நுழையும் இடத்தில் மணல் படிய ஒரு சிறு தொட்டியும், நிறைந்தால் வழிந்துபோக ஒரு குழாயும் இருக்க வேண்டும். இதில் சமரசம் செய்துகொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மரங்களைப் பற்றி ஒக்கி எனக்குக் கற்றுக்கொடுத்தது உண்டு. மறுநாள் காலை, பூங்காவின் பெரிய மயில்கொன்றை வேரோடு சாய்ந்து கிடந்தது. அருகில் போய்ப் பார்த்தேன். அதைச் சுற்றிக் கட்டியிருந்த சிமெண்ட் வளையத்தின் அளவுக்கே வேர்கள் வட்டமாகச் சுருண்டு, சுருட்டி வைத்த கயிறுபோல இருந்தன. ஒரு வேர்கூட வளையத்தைத் தாண்டவில்லை. காற்றைத் தாங்கும் மரம் வேண்டுமென்றால் வேர் பரவ மண் வேண்டும். பள்ளத்தின் தரையில் ஈரத்தைப் பொறுக்கும் நீர்மருதும் புங்கமும், கரைமேட்டில் நீர் தேங்குவதை விரும்பாத வேம்பும், சரிவில் மண்ணைப் பிடிக்க வெட்டிவேரும் நடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நீர் குடித்த மண்ணில் நிற்கும் மரம் கோடையில் அதை ஆவியாக வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மழையில் பிடித்து வைக்கும் நீரே பங்குனியின் குளிர்ச்சியாகிறது. இப்போதைய பேவர் பிளாக்கிலோ, நண்பகலில் வெறுங்காலோடு பத்து எண்ணும்வரைகூட நிற்க முடியவில்லை. மாலை நடைக்கு வரும் பாட்டிமார் இருட்டிய பிறகும் தரையின் அனலைச் சொல்கிறார்கள்.

முழுப் பூங்காவுக்கும் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. வடகிழக்கு மூலையில் 10 அடிக்கு 6 அடி இடம் மட்டும் சோதனைக்காகக் கிடைத்தது. கல்லைப் பெயர்த்து, மண்ணைக் கொத்தி, தெருவைவிட ஓர் அடி தாழ்த்தி, கான்கிரீட் கட்டையில் ஒரு வாய் வெட்டினோம். சித்திரையில் ஒரு மாலை இடியோடு கோடைமழை பெய்தபோது குடையோடு போய் நின்றேன். தெரு நீர் அந்த வாயருகே ஒரு நொடி சுழன்று, சருகைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கியது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பள்ளத்தில் ஈரமண்ணும், அதில் ஒரு மைனாவின் கால்தடங்களும் மட்டுமே இருந்தன. இடவப்பாதிக்கு முன் தெற்குப் பக்கம் இன்னும் இரண்டு வாய் வெட்ட விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.