ஒரே தெருவில் இரண்டு கம்பெனித் தண்ணீர்

முதுகலை மாணவர்களின் ஆய்வு முன்வரைவுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பழக்கம் என்னை உறுத்துகிறது. சாரா மாறி (காரணமாகக் கருதுவது), சார்ந்த மாறி (அதன் விளைவு), கட்டுப்பாட்டு மாறி (ஒப்பிடும்போது மாறாமல் வைத்துக்கொள்வது) என்று அட்டவணையை முதலிலேயே நிரப்பிவிடுகிறார்கள்; அந்தப் பெயர்கள் மாறிகளோடு கூடப் பிறந்தவை என்பதுபோல. ஒரு மாறியின் இடத்தை நாம் கேட்கும் கேள்விதான் தீர்மானிக்கிறது என்பதை, 1854ஆம் ஆண்டின் லண்டன் காலராவைப் படித்தபோதுதான் நானே தெளிவாக உணர்ந்தேன்.

முந்தைய 1848–49 காலராவின் இறப்புகளை ஆராய்ந்த புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், தேம்ஸ் ஆற்று மட்டத்திலிருந்து ஒரு பகுதியின் உயரம் கூடக் கூட அங்கே இறப்பு குறைவதைக் காட்டியிருந்தார். அவருடைய கணக்கில் பிழையில்லை. தாழ்நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்று முடிவுகட்டியதில்தான் பிழை. தாழ்ந்த பகுதிகளில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் கழிவுநீர் கலந்த ஆற்று நீரையே குடித்தார்கள். ஃபாருக்குச் சாரா மாறியாக இருந்த உயரம், 'தண்ணீரா காரணம்?' என்று கேட்ட மருத்துவர் ஜான் ஸ்னோவுக்குக் குழப்பும் மாறியாகிவிட்டது. நீரோடும் அது தொடர்புடையது, இறப்போடும் தொடர்புடையது. அதை விலக்காமல் எதையும் நிறுவ முடியாது.

ஸ்னோ அதை விலக்கிய விதம்தான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. தென் லண்டனின் பல தெருக்களில் இரண்டு குடிநீர்க் கம்பெனிகளின் குழாய்கள் அருகருகே ஓடின. லாம்பெத் கம்பெனி 1852இல் தன் நீரெடுப்பிடத்தை நகரக் கழிவு ஆற்றில் கலக்கும் இடங்களுக்கு மேல்புறம், தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனியோ கழிவு கலந்த பேட்டர்சீ பகுதியிலேயே நீர் எடுத்துவந்தது. அடுத்தடுத்த வீடுகள், ஒரே உயரம், ஒரே காற்று, ஏழையும் செல்வரும் இரு பக்கமும் உண்டு; வேறுபட்டது தண்ணீர் மட்டுமே. எந்தக் கம்பெனியின் நீர் என்று தெரியாத வீடுகளில், சில்வர் நைட்ரேட் சேர்த்து, இரு நீரிலும் வேறுபட்ட உப்பின் அளவைப் பார்த்து அவர் கண்டுபிடித்தார். தொற்றின் முதல் ஏழு வாரங்களில் சவுத்வார்க் நீர் சென்ற 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள். லாம்பெத் நீர் சென்ற 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீடுகளுக்கு 315 என்பதும் 37 என்பதும் எவ்வளவு பெரிய இடைவெளி!

'எல்லா மாறிகளையும் கட்டுப்படுத்திவிட்டேன்' என்று எழுதும் மாணவருக்கும் இதே காலராவைத்தான் காட்டுவேன். கெட்ட நீர் பேதியை உண்டாக்குகிறது, பேதி உடலின் நீரை வற்றச் செய்கிறது, அந்த வறட்சி உயிரைப் பறிக்கிறது. இங்கே நீர்வறட்சி இடையீட்டு மாறி. காரணம் விளைவை அடையும் வழியே அது என்பதால், அதைக் கட்டுப்படுத்தினால் குடிநீரின் விளைவு கணக்கிலிருந்து மறைந்துபோகும். உயரத்தைக் கட்டுப்படுத்துவது அவசியம், வறட்சியைக் கட்டுப்படுத்துவது பிழை. இரண்டையும் பிரித்துக் காட்ட எந்த மென்பொருளாலும் முடியாது, நோய் பரவும் வழியை அறிந்தவரால்தான் முடியும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் வேறு வகை. அது விளைவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மாறி.

ஸ்னோவின் வேலையிலும் ஒரு குறை இருந்தது. அந்த வீட்டு எண்ணிக்கைகள் குழாய்கள் கலந்தோடிய தெருக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. இரு கம்பெனிகளின் மொத்தப் பரப்புக்கும் உரியவை; அதனால் உயரம் போன்ற வேறுபாடுகள் கணக்கில் மீண்டும் நுழைய இடமிருந்தது. உட்பகுதிவாரியான எண்ணிக்கைகள் கிடைத்த பிறகு, 1856இல் அவர் கணக்கை மீண்டும் போட்டார்.